ஐஹாப் பான்கேக்கை விட்டுவிட்டதா?

அமெரிக்காவின் ஐஹாப் (IHOP) உணவகங்கள் பான்கேக் என்ற மெத்தென்ற அப்பத்தைக் கைவிட்டுப் பெயரையும் மாற்றி, பர்கர் கடைகளாகிவிட்டன என்ற பழைய தகவல் இன்னும் சுற்றுகிறது. அது பொய்.

2018 ஜூனில் புதிய பர்கர்களை விற்பதற்காகப் ஆங்கிலப் பெயரின் கடைசி எழுத்தான p-ஐத் தலைகீழாக்கி, பர்கரைக் குறிக்கும் b ஆக்கினார்கள். அது வெறும் விளம்பரம். அடுத்த மாதமே அவர்களே அதை ஒப்புக்கொண்டு, 60-ஆம் ஆண்டு விழாவுக்கு 60 சென்ட்டுக்குப் பான்கேக் கொடுத்தார்கள்.

1958-இல் லாஸ் ஏஞ்சலஸின் டொலுகா லேக் பகுதியில் முதல் கடை திறந்ததிலிருந்து பான்கேக்தான் இதன் உயிர். மதியமோ இரவோ போனாலும் காலை உணவு கிடைக்கும், அதன்மேல் ஊற்ற விதவிதமான சிரப் (இனிப்புப் பாகு) இருக்கும். மக்கள் தேடிப் போவது இதற்காகத்தான். சரி, பர்கரும் உண்டு, முன்பும் இருந்தது. பகிரும் முன் அந்தச் செய்தியின் தேதியைப் பாருங்கள்.