பொம்மைச் சண்டையாம்!

டிக்கெட் காசு என்னோடது. எண்ணெய் ஊத்தி ஈப்போ வரைக்கும் காடி ஓட்டுறதும் நான். படம் இன்னும் சூடுகூட பிடிக்கல, பக்கத்து சீட்டுல இருந்து குரல் வருது: "என்னா தம்பி, சின்னப் பிள்ளைங்க படத்துக்கா இவ்ளோ தூரம் கூட்டியாந்த?" போதும் பெரியப்பா. ரொம்ப நாளா அடக்கி வெச்சிருக்கேன், இன்னிக்குக் கொட்டிடறேன்.

மலேசியாவுல தெலுக் இந்தான் மாதிரி தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற ஊர்ல, ராட்சத ரோபோவும் கடல் பூதமும் அடிச்சிக்கிற படம் பிடிக்கும்னு சொல்றதுக்கே ஒரு தைரியம் வேணும். ஒட்டுக்கடையில வாயத் திறந்தா மேசையே சிரிக்கும். "புள்ளகுட்டிக்காரன், இன்னும் பொம்மைச் சண்டை பார்க்கிறியா?" கேட்கிற அண்ணன் யாருன்னு பார்த்தா, ஹீரோ ஒத்த உதையில எட்டுப் பேரைப் பறக்க விட்டதுக்கு எழுந்து நின்னு விசில் அடிச்சவரு. (நானும்தான் அடிச்சேன். அது வேற கணக்கு.)

அடுத்த கணை: "லாஜிக் எங்கலா இருக்கு?" ஃபார்ம் ஃபைவ்ல பிசிக்ஸ் எடுத்த தம்பி ஒருத்தன் விளக்கமே கொடுப்பான். உயரம் 2 மடங்கானா எடை 8 மடங்காகும், ஆனா காலோட குறுக்குப் பரப்பு 4 மடங்குதான் கூடும், அதனால அவ்ளோ பெரிய உருவம் ஒரு அடி வெச்சாலே கால் நொறுங்கிடுமாம். டேய், தெரியும்டா! கலிலியோ 1638லயே அச்சுல போட்ட விஷயம். 'பசிபிக் ரிம்' எடுத்த கியர்மோ தெல் தோரோவுக்கு அது தெரியாதா? அந்தப் படத்து ஜிப்சி டேஞ்சர் ரோபோ 79 மீட்டர் உயரம். நம்ம ஊர் சாய்ந்த கோபுரம் 25.5 மீட்டர். மூணு கோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் அதோட உச்சந்தலை எட்டாது. 1885ல கட்டின நம்ம கோபுரமே தண்ணித் தொட்டியைச் சுமந்துக்கிட்டு இளகின மண்ணுல சாஞ்சு நிக்குது. பாரம்னா என்னன்னு இந்த ஊர்க்காரனுக்கா பாடம் எடுக்கிற? அந்த ரோபோ நிஜத்துல நடக்காதுன்னு படம் எடுத்தவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடக்கவே முடியாத ஒண்ணு நடக்குதுன்னு என் முதுகுத்தண்டை நம்ப வைக்கிறான் பாரு, அந்த வித்தைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

இதே பெரியப்பா ஒரு நாள் என்ன பண்ணாரு தெரியுமா? பழைய செம்பனையைச் சாய்ச்சு மறுநடவு பண்ண தோட்டத்துக்குள்ள எக்ஸ்கவேட்டர் வந்துச்சு. 25 வருஷத்துக்கு மேல நின்ன மரம். இரும்புக் கை மெதுவா வந்து தண்டுல பட்டுச்சு. மரம் அசையல. எஞ்சின் உறுமுச்சு. அப்புறம் அடிமண்ணு வெடிச்சு, வேர் பிய்ஞ்சு, மட்டையெல்லாம் சடசடன்னு ஆடி, கடைசியில தொப்புன்னு ஒரு சத்தம். நிலம் அதிர்ந்தது செருப்புக்குள்ள வரைக்கும் தெரிஞ்சுச்சு. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிட்டு, பசியாற வாங்கின ரொட்டி சானாய் ஆறிப்போறது தெரியாம, வாயப் பொளந்து மரம் மரமா பார்த்துக்கிட்டு நின்னாரு மனுசன். கூட பாதி லயமே நின்னுச்சு. அங்க யாராச்சும் "கதை என்னா?"ன்னு கேட்டீங்களா? "லாஜிக்" கேட்டீங்களா? அந்த உறுமல், அந்த இழுபறி, விழுறப்ப வயித்துல ஒரு பிசைவு... அதையே ஒருத்தன் பெரிய திரையில, மழையில, கடலுக்கு நடுவுல காட்டினா மட்டும் உங்களுக்குப் பொம்மைச் சண்டை!

அந்தப் பாரத்தைத் திரையில கொண்டு வர்றது லேசுன்னு நினைக்காதீங்க. 1954ல ஜப்பான்ல இஷிரோ ஹோண்டா 'கோட்சில்லா' எடுத்தப்ப கம்ப்யூட்டரா இருந்துச்சு? கனமான உடுப்புக்குள்ள ஒரு மனுசன் வேர்த்து ஊத்தி நடந்தாரு. சுத்தி பொம்மை டோக்கியோ. தந்திரக் காட்சிகளைப் பார்த்துக்கிட்ட எய்ஜி ட்சுபுராயா, கேமராவை வேகமா ஓடவிட்டுப் பிடிச்சாரு. அதனாலதான் திரையில அசைவு மெதுவாகி, உள்ள இருந்த ஆளு 50 மீட்டர் பூதமாத் தெரிஞ்சாரு. அதே ட்சுபுராயா கம்பெனிதான் 1966ல டிவியில பூதங்களோட மோதுற ராட்சத வீரன் உல்ட்ராமேனைக் கொடுத்துச்சு. கம்பத்துப் பிள்ளை, சீனப் பிள்ளை, லயத்துப் பிள்ளை, எல்லாரும் கையைக் குறுக்க வெச்சு 'பீம்' அடிச்சவங்கதானே? நம்ம ஊர் கார்ட்டூன் உப்பின் இப்பின்லகூட நம்ம நாட்டுக்குன்னே ஒரு உல்ட்ராமேன் ரிபுட் வந்தாச்சு.

"உள்ள விஷயம் ஒண்ணும் இல்ல" ன்னு சொல்றப்பதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. 1954 மார்ச் 1, பிக்கினித் தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடிச்சுச்சு. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகு மேல விழுந்து, அதுல இருந்தவங்க நோய்ப்பட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல கோட்சில்லா கடல்ல இருந்து எழுந்து வருது. சும்மா பல்லியா அது? 'பசிபிக் ரிம்'ல ஒத்தச் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, இடிஞ்ச டோக்கியோ தெருவுல அழுதுக்கிட்டே ஓடுற சின்னப் பொண்ணைப் பார்த்தும் உங்களுக்கு ஒண்ணும் தோணலையா? ஹாங்காங் சண்டையில ரோபோவோட முஷ்டி ஒரு ஆபீசுக்குள்ள பாஞ்சு, மேசை மேல தொங்குற குட்டி உலோகக் குண்டுல லேசாப் பட்டு நிக்கும். குண்டு டிக் டிக்னு ஆடும். அவ்ளோ பெரிய கைக்கும் அந்தக் கோலிக்குண்டுக்கும் நடுவுல ஒரு டைரக்டரோட மொத்தக் குறும்பும் இருக்கு. அந்த நேரம் பார்த்து நீங்க குனிஞ்சு வாட்சப்புக்குப் பதில் போட்டுக்கிட்டிருந்தீங்க!

இதுல எனக்கு இன்னொரு வயித்தெரிச்சல். 2018ல 'பசிபிக் ரிம்' ரெண்டாம் பாகம் வந்துச்சு, வேற டைரக்டர். பட்டப்பகல் வெயில்ல ரோபோ எல்லாம் ஓடுது, பாயுது, குட்டிக்கரணம் போடாத குறை. பாரமே இல்ல. பாரம் போச்சுன்னா எல்லாம் போச்சு. நம்ம ஆளுங்க சரியா அந்தப் படத்தைப் பிடிச்சு, அதையும் கைப்பேசியில பார்த்துட்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" ன்னு வர்றாங்க. உள்ளங்கை அகலத்துல அவ்ளோ பெரிய உருவம் எப்படிய்யா தெரியும்?

சரி, கதைதானே வேணும்னு 'கோட்சில்லா மைனஸ் ஒன்' படத்தை வீட்டு டிவியில போட்டேன். 2023ல வந்தது. ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலருக்கும் குறைவான செலவுல எடுத்து, 2024ல காட்சித் தந்திரத்துக்கு ஆஸ்கர் வாங்கின படம். போர்ல சாகத் துணியாம திரும்பி வந்த ஒரு விமானி, எரிஞ்சு போன ஊரு, யாரோ பெத்த குழந்தையை வளர்க்கிற ஒரு பொண்ணு. அழுக வைக்கிற கதை. பாதியில பெரியப்பா கேட்டாரு: "ஏன் தம்பி, அந்தப் பல்லி எப்பதான் வரும்?"

கதை இல்லன்னா குறை. கதை வந்தா பல்லி எங்கன்னு குறை. என்னதான்யா வேணும் உங்களுக்கு?

அடுத்த படம் வர்றப்ப மறுபடியும் ஈப்போவுக்குக் காடி எடுப்பேன். வர்றவங்க வரலாம், பாப்கார்ன்கூட நானே வாங்கித் தர்றேன். ஆனா போற வழியில "லாஜிக்" ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, லங்காப்புலயே இறக்கி விட்டுடுவேன். பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிக்கோங்க.