வெளி வால்யூமுக்குக் கேஷை எனேபிள் செய்யும் முன்

பழைய ஸ்டோரேஜைப் புதியதன் பின்னால் இணைத்து, அதிலுள்ள வால்யூம்களை (சர்வருக்கு டிஸ்க் போலத் தெரியும் சேமிப்பு இடங்களை) 'வெளி வால்யூம்' என்ற பெயரில் புதிய ஸ்டோரேஜின் சொந்த வால்யூம்களைப் போலவே சர்வர்களுக்குக் காட்டும் வசதி நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 2003-இல் எஸ்விசி (சான் வால்யூம் கன்ட்ரோலர்) மூலமாகவும், ஹிட்டாச்சி 2004-இல் டாக்மாஸ்டோர் யுனிவர்சல் ஸ்டோரேஜ் பிளாட்ஃபார்ம் மூலமாகவும் இதைக் கொண்டுவந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், வெளி வால்யூமை மேப் செய்யும்போது வரும் 'கேஷ் மோட்' என்ற தேர்வை (கேஷ் என்பது டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் வேகமான மெமரி), வேகம் கூடும் என்ற ஒரே காரணத்துக்காக யோசிக்காமல் எனேபிள் செய்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஹிட்டாச்சி சிஸ்டத்தில் கேஷ் மோட் எனேபிள் ஆகியிருந்தால், சர்வர் அனுப்பிய டேட்டா முன்னால் இருக்கும் ஸ்டோரேஜின் கேஷுக்கு வந்தவுடனேயே 'எழுதியாயிற்று' என்ற பதில் போய்விடும். வெளி ஸ்டோரேஜுக்கு அது பிறகுதான் டீஸ்டேஜ் ஆகும், அதாவது கேஷிலிருந்து எடுத்து எழுதப்படும். டிசேபிள் செய்திருந்தால், வெளி ஸ்டோரேஜ் பெற்றுக்கொண்ட பிறகே சர்வருக்குப் பதில் போகும். ஆகவே நாம் தேர்ந்தெடுப்பது வேகத்தை மட்டுமல்ல. பதில் போகும் அந்தக் கணத்தில் டேட்டா எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

கேஷ் எல்லோருக்கும் பொதுவானது என்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வெளி வால்யூமுக்கு நொடிக்கு 1 ஜிபி வீதம் டேட்டா வருகிறது, பின்னால் இருக்கும் பழைய ஸ்டோரேஜால் நொடிக்கு 400 எம்பி மட்டுமே வாங்கிக்கொள்ள முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 600 எம்பி கேஷிலேயே தேங்கும். எழுதுவதற்கென்று 90 ஜிபி இடம் இருந்தாலும் 150 நொடிகளில் அது தீர்ந்துவிடும். எழுதவேண்டிய டேட்டா எல்லாம் பாதுகாப்புக்காகக் கேஷில் இரண்டு இடங்களில் வைக்கப்படுவதால், அந்த 90 ஜிபிக்கே இரட்டிப்பு மெமரி வேண்டும். ரைட் பெண்டிங், அதாவது டீஸ்டேஜ் ஆகாமல் கேஷில் காத்திருக்கும் டேட்டாவின் அளவு, 70 சதவீதத்தை எட்டினாலே ஹிட்டாச்சி சிஸ்டங்கள் சர்வர்கள் எழுதும் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடும். அப்போது அடி வாங்குவது அந்த வெளி வால்யூம் மட்டுமல்ல. அதே கேஷைப் பகிர்ந்துகொள்ளும், உள்ளே ஃபிளாஷில் இருக்கும் முக்கியமான டேட்டாபேஸும் சேர்ந்தே தவிக்கும். டேட்டாபேஸ் குழுவினர் தங்கள் வால்யூமைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் தெரியாது.

எஸ்விசி இதற்குத் தானாகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பூல் (வால்யூம்களுக்கு இடம் தரும் தொகுப்பு) ஒன்றே ஒன்று என்றால் எழுதும் கேஷ் முழுவதும் அதற்குக் கிடைக்கும். இரண்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு 66 சதவீதம், மூன்றென்றால் 40, நான்கென்றால் 30, ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் 25. ஹிட்டாச்சியில் சிஎல்பிஆர் என்ற கேஷ் பிரிவை நிர்வாகிதான் உருவாக்கி, வெளி வால்யூம்களை அதில் ஒதுக்க வேண்டும். எனேபிள் செய்யத்தான் வேண்டும் என்றால், இந்தப் பிரிவைப் போட்ட பிறகே செய்ய வேண்டும்.

டிசேபிள் என்றால் ஆமை வேகம் என்ற பயமும் மிகையானது. வெளி ஸ்டோரேஜுக்கும் சொந்தமாகக் கேஷ் உண்டு. அது நல்ல நிலையில் இருந்தால், பதில் அதன் கேஷிலிருந்தே வந்துவிடும், டிஸ்க் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடுவது பெரும்பாலும் ஃபேப்ரிக்கில் (ஸ்டோரேஜ்களை இணைக்கும் நெட்வொர்க்கில்) போய்வரும் நேரம்தான். டேட்டாவைப் புதிய ஸ்டோரேஜுக்கு மாற்றும் மைக்ரேஷனின்போது இதில் இன்னொரு நன்மையும் உண்டு: சர்வர் எழுதியதெல்லாம் பழைய வால்யூமில் அப்போதைக்கப்போதே சேர்ந்துவிடுவதால், வேலையைப் பாதியில் கைவிட நேர்ந்தாலும் அந்த வால்யூமை மீண்டும் நேரடியாகச் சர்வருக்குக் கொடுக்கலாம். எனேபிள் நிலையில் கேஷில் தங்கிய டேட்டா இல்லாமல் அந்த வால்யூம் முழுமையற்றது. நம்பி மவுன்ட் செய்ய முடியாது.

கேஷ் மோடுக்கு அருகிலேயே 'இன்ஃப்ளோ கன்ட்ரோல்' என்றொரு தேர்வும் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுபவர்களே அதிகம் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. வெளி வால்யூமில் எழுத முடியாமல் போகும்போது, சர்வரிலிருந்து வருவதைக் கேஷ் தொடர்ந்து வாங்குவதா, நிறுத்துவதா என்பதை முடிவு செய்வது இதுதான். டிசேபிளில் விட்டால் சர்வருக்குப் பிரச்சினையே தெரியாது; போக வழியில்லாத டேட்டா கேஷில் குவிந்துகொண்டே இருக்கும். எனேபிள் செய்தால் அந்தச் சர்வருக்கு உடனே பிழை தெரியும், மற்றவை தப்பிக்கும். பொதுக் கேஷில் இருக்கும் வெளி வால்யூம்களுக்கு இதை எனேபிள் செய்வதையே நான் வலியுறுத்துவேன். ஒரு சர்வர் வெளிப்படையாகத் தடுமாறுவது, எல்லாச் சர்வர்களும் காரணம் தெரியாமல் மந்தமாவதைவிட எவ்வளவோ மேல்.

பராமரிப்புக்காக வெளி ஸ்டோரேஜை நிறுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். சர்வர்களின் ஐஓவை (படிப்பதையும் எழுதுவதையும்) நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் சிஸ்டத்தில் டிஸ்கனெக்ட் கட்டளையைக் கொடுத்தால், கேஷில் மிச்சமிருப்பதை அது வெளி வால்யூமில் எழுதி முடித்துவிட்டே இணைப்பை விடும். நிலை 'டிஸ்கனெக்ட்' என்று மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்தப் பெட்டியின் மின்சாரத்தில் கை வைக்க வேண்டும். கேபிளைப் பிடுங்குவதும் டிஸ்கனெக்ட் கட்டளை கொடுப்பதும் ஒன்றல்ல.