அந்தக் காலி சீட் என்னுடையதுதான்

சனிக்கிழமை நம் கால்பந்து கிளப்பின் ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் நம் ரசிகர் குழுவில் வந்த அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிழக்கு ஸ்டாண்ட், பதினான்காவது வரிசை, காலியாக இருந்த இரண்டு சீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: 'கஷ்ட காலத்தில் காணாமல் போகிறவர்கள் எல்லாம் ரசிகர்களா?' நாற்பது பேர் இருக்கிற குழுவில் பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். உட்கார்ந்து எண்ணினேன்.

அந்த இரண்டு சீட்டில் ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மகனுடையது.

நாங்கள் காணாமல் போகவில்லை தம்பி. கிளப் முதலாளியை எதிர்த்து ஆட்டத்தைப் புறக்கணித்து, அந்த நேரத்தில் மெயின் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தோம். நீ எங்களைத் தாண்டித்தான் உள்ளே போனாய். கைகூடக் காட்டினாய்.

உள்ளே போகிறவர்களை நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் போகாதவன் ரசிகனே இல்லை என்று எழுதினால் சும்மா இருக்க முடியவில்லை. என் காசு அந்த முதலாளி கைக்குப் போகக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

இந்த மனிதர் வந்தபின் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். மைதானத்தைத் தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே விற்றார். இந்த சீசனில் இரண்டு முறை சம்பளம் தள்ளிப்போனது. ஆட்டக்காரர்கள் சம்பளத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். எங்கள் ஸ்டாண்டின் பின்னால் டீ விற்கிற அம்மாவைப் பற்றி யாராவது பேசினோமா? வருஷக்கணக்காக அதே கவுண்டரில் நிற்கிறார். என் மகனுக்கு ஹாட் சாக்லேட்டில் எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார். பிப்ரவரியில் ஒரு ஆட்டத்தில் மீதிச் சில்லறையை என் கையில் எண்ணி வைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், போன மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்றார். அவர் புகார் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அதே வாரம்தான் அடுத்த சீசன் டிக்கெட் விலையை ஏற்றி நமக்கெல்லாம் மெயில் வந்தது. அன்று ராத்திரி முடிவெடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இனி நான் செய்வதாக இல்லை.

ஏற்கெனவே சீசன் டிக்கெட்டுக்குக் கட்டியாச்சே, இப்போது போகாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறீர்கள். எனக்குத்தான் நஷ்டம், தெரியும். ஆனால் உள்ளே வாங்குகிற டீ, ஜெர்சி, மகன் கேட்கிற ஸ்கார்ஃப் எல்லாம் நின்றுவிட்டது. டிக்கெட்டைப் புதுப்பிக்கவும் போவதில்லை. டிவி கேமரா திரும்புகிற பக்கமெல்லாம் காலி வரிசை தெரிந்தால், அதை ஸ்பான்சர்களும் பார்ப்பார்கள், கிளப்பை வாங்க நினைக்கிறவர்களும் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் மேல்மட்டமான பிரிமியர் லீகில் டிவி பணமே கொட்டுவதால் அங்கே கேட் வசூல், அதாவது ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கிற காசு, நின்றாலும் பெரிதாக வலிக்காது, ஒத்துக்கொள்கிறேன். நாம் பிரிமியர் லீகில் இல்லை. நம் மாதிரி கிளப்புக்குக் கேட் வசூல்தான் மூச்சு.

ரசிகன் போகாததால் எந்த முதலாளி போயிருக்கிறார் என்று ஒருவர் கேட்டிருந்தார். பிளாக்பூல்காரர்களிடம் போய்க் கேளுங்கள். 2010-11-ல் பிரிமியர் லீகில் ஆடிய கிளப் அது. அங்கே வந்த பணம் முதலாளி குடும்பத்தின் மற்ற கம்பெனிகளுக்குப் போனது. 'இனி ஒரு பென்னிகூடக் கொடுக்க மாட்டோம்' என்று ஜனங்கள் வெளியே நின்றார்கள். ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டம் இல்லை, வருஷக்கணக்கில். 2017 மே மாதம் அவர்கள் டீம் லண்டனின் பெரிய மைதானமான வெம்ப்ளியில், ஒரு படி மேல் டிவிஷனுக்கு யார் போவது என்று முடிவு செய்கிற பிளே-ஆஃப் ஃபைனல் ஆடியது, ஜெயித்து மேலேயும் போனது. அதற்குக்கூட ஆயிரக்கணக்கானவர்கள் போகவில்லை. வெம்ப்ளிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அவர்களை ரசிகர்கள் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்த முதலாளியை வெளியேற்றியது கோர்ட்தானே, பாய்காட் இல்லையே என்பீர்கள். உண்மை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் முதலாளி தரப்பை இன்னொரு பங்குதாரருக்கு 3 கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது, அதைக் கட்டி முடிக்காததால் 2019 பிப்ரவரியில் கோர்ட் நியமித்த ரிசீவர் கிளப்பைக் கையில் எடுத்தார். ஆனால் அதுவரை அந்தக் கிளப்பில் என்ன நடக்கிறது என்று நாடு முழுக்கப் பேச வைத்தது எது? காலி ஸ்டாண்ட்தான். முதலாளியின் பிடி போன பிறகு, 2019 மார்ச் 9, சவுத்எண்ட் அணியோடு ஆட்டம். அன்று 15,871 பேர் திரும்பி வந்தார்கள். ஆட்டம் 2-2 டிரா. அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்பின் கதை இன்னும் சமீபத்தில் நடந்தது. 2025 அக்டோபர் 22, மிடில்ஸ்பரோ ஆட்டத்தை அவர்கள் புறக்கணித்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கிளப், கடனில் மூழ்கிய கம்பெனியை நடத்த நியமிக்கப்படுகிற நிர்வாகியின் கைக்குப் போனது, முதலாளியிடம் இருந்த பிடி போனது. கடனும் பாக்கியும் கழுத்தை நெரித்ததுதான் பெரிய காரணம், மறுக்கவில்லை. அப்படி நிர்வாகி கைக்குப் போனதற்காக லீகில் 12 பாயிண்ட் வெட்டினார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் வெளியே நின்ற அதே ஜனம்தான் உடனே திரும்பி வந்து கிளப் கடை வாசலில் வரிசையில் நின்றது. லிவர்பூலில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து 2016 பிப்ரவரியில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் 77-வது நிமிஷத்தில் எழுந்து போனார்கள். டீம் 2-0 என்று முன்னால் இருந்தபோது. சில நாளிலேயே முதலாளிகள் விலையைத் திரும்பப் பெற்றார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தை எதிர்த்து 2005-லிருந்து கத்துகிறார்களே, அந்தக் குடும்பம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். போகவில்லை. அங்கே கத்தினார்கள், எதிர்ப்பைக் காட்டப் பச்சையும் பொன்னுமாக ஸ்கார்ஃப் போட்டார்கள், ஆனால் மைதானம் நிறைந்துகொண்டேதான் இருந்தது. பிறகு எப்படிப் போவார்கள்?

ஆட்டக்காரர்கள் மனசு உடைந்துவிடும் என்கிறார்கள். சம்பளம் வராததைவிடவா?

எனக்குப் பொறுக்காத வாதம் ஒன்று உண்டு. 'முதலாளியைப் பகைத்தால் கிளப்பே அழிந்துவிடும்.' பெரி (Bury) கிளப்பில் யாரும் பாய்காட் செய்யவில்லை. 1885-ல் ஆரம்பித்த கிளப் அது. 2018 டிசம்பரில் ஒருவர் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 2019 ஆகஸ்டில் லீகைவிட்டே நீக்கினார்கள். அந்தக் கடைசி நாளில்கூட, எப்படியாவது பிழைத்துவிடும் என்று நம்பி ஜனங்கள் துடைப்பமும் வாளியுமாகப் போய் மைதானத்தைக் கழுவினார்கள். ஆட்டமே நடக்காத மைதானத்தில் சீட்டுகளைத் துடைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, விசுவாசமாக இருந்தால் கிளப் பிழைக்கும் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

'ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவருக்கு இந்தக் கிளப்பின் பாரம்பரியம் என்ன தெரியும்' என்று நம் குழுவில் நம்மில் ஒருவரே எழுதியிருந்தார். வெள்ளைக்காரர்கள்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பேச ஆள் இல்லாமல் இருந்தவன் நான். பதினான்காவது வரிசையில்தான் எனக்கு ஒரு பேர் கிடைத்தது. பக்கத்து சீட் தாத்தா என் பேரைத் தப்பாக உச்சரித்து, வாரா வாரம் திருத்திக்கொண்டு, மூன்றாவது மாதம் சரியாகச் சொன்னார். அன்று பிளாஸ்கிலிருந்து ஊற்றி எனக்கும் டீ கொடுத்தார். எதிரணி கார்னர் எடுக்கும்போது எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இதெல்லாம் பாரம்பரியம் இல்லையென்றால் வேறு எதுவென்று எனக்குத் தெரியாது.

தாத்தா உள்ளேதான் போகிறார். வயது எண்பத்தொன்று. சனிக்கிழமை கேட்டருகில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, 'எனக்கு இன்னும் எத்தனை சீசன் இருக்கும் சொல்லு' என்று கேட்டார். உங்கள் எல்லா வாதத்துக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் ஏழு வயதில் தன் அப்பாவோடு உள்ளே போனவர். அவரைப் போகாதே என்று சொல்ல நான் யார்?

அவர் போன பிறகு நாங்கள் வெளியிலேயே நின்றோம். அறுபதாவது நிமிஷம் இருக்கும், சுவருக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. நம் கோல். உள்ளே இருக்கும்போது அது சத்தமாகவே தெரியாது, நாமும் கத்திக்கொண்டிருப்போம். வெளியே நின்று கேட்டால் செங்கல் வழியாகக் காலுக்குள் இறங்குகிறது. ஒன்பது வருஷத்தில் இந்த மைதானத்தில் நான் பார்க்காத முதல் கோல். மகன் என் கையைப் பிடித்து, 'யாருப்பா போட்டது?' என்றான். போனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன். மழை பெய்ததால் என் முகத்தை அவன் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வட்டம் போட்ட தம்பிக்கு: அடுத்த சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு அதே கேட்டில்தான் நிற்போம். நீ உள்ளே போ. போகும் வழியில் வந்து எதுவானாலும் நேரில் கேள். தாத்தாவைப் பார்த்தால் படிக்கட்டில் கையைப் பிடித்து ஏற்றிவிடு, பதினான்காவது வரிசைவரை. வழக்கமாக அதைச் செய்கிறவன் நான்.