"சின்ன வேலைதானே தம்பி?"

"சின்ன வேலைதானே தம்பி, ரெண்டு நாளில் முடிச்சிடலாமே" என்ற பேச்சைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கணினி படித்தவன் அல்லன். பகலில் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இரவில் யூடியூபைப் பார்த்து எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்ற வலைப்பக்கம் அமைக்கும் கணினி மொழிகளைக் கற்றுக்கொண்டு, எங்கள் ஊர்க் கடைகளுக்கு நான்கைந்து பக்கங்களில் எளிய இணையதளங்களை 3,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால், தானாகக் கற்றவன் என்று நான் ஒளிவின்றிச் சொல்வதையே, என் உழைப்புக்கு விலை கிடையாது என்பதற்கு ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்குள் தளம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். போட வேண்டிய விவரங்களைக் கேட்டு மூன்று வாரம் அலைந்த பிறகு, டிடிபி சென்டரில் எப்போதோ அடித்து வைத்த 11 பக்கக் கோப்பு ஒன்று வந்தது. அது முழுவதும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது, தமிழக அரசே 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அச்சகங்களிலிருந்து இன்றும் இப்படித்தான் வருகிறது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டால் தமிழ் திரும்பக் கிடைத்தது, ஆனால் இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகச் சிதறிப்போயின. வரிக்கு வரி விரல் வைத்துத் திருத்தவே எனக்கு நான்கு இரவுகள் ஆயின. இதுவா சின்ன வேலை?

படங்களின் கதை இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று மூன்று முறை சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. குத்துவிளக்கின் உச்சியில் இருந்த அன்னத்தின் அலகு எது, கழுத்து எது என்று தெரியாத அளவுக்கு மங்கலான படத்தை அனுப்பிவிட்டு, "உனக்கு டிசைன் சரியா வரலையேப்பா" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னிலையில் சொன்னார்.

டொமைன் பெயருக்கு, அதாவது தளத்தின் இணைய முகவரிக்கு, ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகும், கட்டாமல் விட்டுத் தளம் நின்றதும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்ன டியூஷன் சென்டர்காரரும் உண்டு.

முன்பணமாக 1,000 ரூபாய் தந்த பாத்திரக் கடைக்காரரிடம் மீதியைக் கேட்டபோது, "நீ பொழுதுபோக்குக்குத்தானே செய்யற" என்றார். பித்தளையைத் தராசில் வைத்து ஒரு கிராம் விடாமல் காசு வாங்குகிறவர் அவர். எனக்கு இதன் மேல் ஆசை இருக்கிறது, உண்மைதான். விரும்பிச் செய்கிறேன் என்பதற்காக நான் விழித்த இரவுகள் இலவசம் ஆகிவிடுமா?

நேற்று இரவு 11 மணிக்கு அழைத்து, முகப்பில் கடைப் பெயரை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். "பாக்கி 2,000 ரூபாய் வந்த பிறகுதான் அண்ணாச்சி, அந்தப் பக்கத்தைத் திறப்பேன்" என்று முதன்முறையாகச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.