சென்னை வெயிலுக்கு ராத்திரிக் கணக்கு கிடையாதா?

கத்திரி பிறந்தால் டிவியில் அதே அறிவுரைதான்: பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். சரி, போகவில்லை. வீட்டுக்குள் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

நான் குடியிருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே. ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. குழாயைத் திறந்தால் மேல்தொட்டி வெந்நீர். ஃபேன், கூரைச் சூட்டை அள்ளி நம் தலையில் கொட்டுகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், விடியும்வரை அதை வீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்து பிளாட்டின் ஏசி அவுட்டோர் எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊதுவது தனிக்கதை.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்கா சொன்னார்: "பகல்ல பரவால்ல தம்பி, வேப்பமரம் இருக்கு. வீட்டுக்குப் போனாத்தான் வேகுது." நாள் முழுக்கக் கரிப்பெட்டியோடு நிற்பவர் சொல்கிறார் இதை. ஷீட் போட்ட ஒற்றை அறை, அதிலேயே அடுப்பு, ஒரே ஜன்னல். கதவைத் திறந்து போட்டுத் தூங்கவும் பயம். தண்ணீர் நிறையக் குடிக்கலாம்தான், அப்புறம் கழிப்பறைக்கு எங்கே போவது என்றும் கேட்டார். டிவியில் இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

வானிலைத் துறையின் கணக்கில் கடலோர ஊரில் 37 டிகிரியைத் தாண்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை. மே மாதச் சென்னைக்கு 37, 38 எல்லாம் சகஜம். ஆக 42ஐ ஒட்டிப் போனால்தான் பேச்சு. 'வெப்ப இரவு' என்றும் ஒரு வகை வைத்திருக்கிறார்கள், ஆனால் பகலில் 40 தொட்டிருந்தால்தான் அதையே பார்ப்பார்கள். பகல் 38, ராத்திரி 30, உப்புக்காற்றில் வியர்வை காயாமல் புரண்டு படுக்கும் நாள் எந்தக் கணக்கிலும் வராது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 அடித்ததை இன்னும் பேசுகிறோம். இந்த ராத்திரிகளை யார் பேசுவது?

2024 அக்டோபர் 6, மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வெயிலிலும் கூட்டத்திலும் சிக்கி இறந்தார்கள். கத்திரி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனால் புழுக்கத்தில் ராத்திரி தூக்கத்திலேயே போகிற பெரியவருக்கு 'மாரடைப்பு' என்றுதானே எழுதுவார்கள்?

சிக்னலில் பச்சை வலைப் பந்தல் கட்டினார்கள், சந்தோஷம். வண்டி அதன் கீழே ஒரு நிமிஷம் நிற்கும். கூரைக்குக் கீழே ராத்திரி முழுக்கக் கிடக்கிறோம். 2010 வெயிலில் ஆயிரத்துக்கும் மேல் பறிகொடுத்த அகமதாபாத், 2013இல் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் போட்டது. பிறகு ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் இறங்கியது. சுண்ணாம்பும் மட்டப்பலகையும் தெரிந்த ஆளுக்கு நம் ஊரில் பஞ்சமா? குடிசைமாற்றுக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளிலிருந்து மாநகராட்சி தொடங்கலாம். வாடகை வீடுகளுக்கும் ஏதாவது விதி வேண்டும். எங்கள் ஹவுஸ் ஓனரிடம் கூலிங் பெயிண்ட் பற்றிக் கேட்டதற்கு, "தாராளமா அடிச்சுக்கங்க, வாடகையில மட்டும் கழிச்சுடாதீங்க" என்றார்.