தண்ணீரைக் கழித்து எடை குறைப்பது ஜியு ஜிட்சுவுக்கு ஆகாது

சென்ற வாரம் எங்கள் பயிற்சிக் கூடத்துத் தம்பி ஒருவன் இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணா, ஆறு நாள்ல நாலு கிலோ குறைக்கணும். போன தடவ நீங்க எப்படிக் குறைச்சீங்கன்னு சொல்லுங்க." நான் குறைத்தது உண்மைதான். எடை எந்திரத்தில் ஏறி, 70 கிலோ பிரிவுக்குத் தகுதி பெற்று, உடன் வந்தவர்களிடம் முதுகில் தட்டு வாங்கியதும் உண்மைதான். அதற்குப் பின் வந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அதை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போயிற்று. எடை குறைக்க நினைக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் குத்தும் உதையும் கிடையாது. எதிராளியின் உடையைப் பற்றிக் கீழே இழுத்து, மேலேறி அடக்கி, மூட்டை முறுக்கியோ கழுத்தை நெறித்தோ அவரைக் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பதே ஆட்டம். வயது, தேர்ச்சியைக் காட்டும் பெல்ட், எடை ஆகிய மூன்றையும் பார்த்தே ஜோடி சேர்க்கிறார்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, கி என்ற தடித்த பயிற்சி உடை அணிந்து ஆடும் வயதுவந்த ஆண்களுக்கு 64, 70, 76, 82.3 கிலோ என்று வரம்புகள் ஏறிக்கொண்டே போகின்றன. உடையின் எடையும் இதில் அடக்கம். என் இயல்பான எடை 74.6 கிலோ, என் கி 1.7 கிலோ. ஆக, ஒரு வாரம் சற்று அளவாகச் சாப்பிட்டிருந்தாலே 76 கிலோ பிரிவில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஆடியிருக்கலாம். நான் பதிவு செய்ததோ 70 கிலோ பிரிவில். "கீழ் பிரிவுக்குப் போனா எல்லாரும் உன்னைவிடச் சின்ன ஆளா இருப்பாங்க" என்று எங்கள் கூடத்தில் மூத்தவர் ஒருவர் சொன்ன ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

முதல் நான்கு வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உணவைக் குறைத்தேன், இனிப்பை நிறுத்தினேன், 71.2 கிலோவுக்கு வந்தேன். பயிற்சியில் பெரிய தளர்ச்சி எதுவும் தெரியவில்லை. இப்படி நிதானமாகக் கொழுப்பைக் கரைப்பதில் எனக்கு இன்றும் ஆட்சேபணை கிடையாது. உடையோடு 70 என்றால் உடம்பு 68.3 இருக்க வேண்டும். இன்னும் மூன்று கிலோ மிச்சம், கையில் இருந்தது நான்கு நாள். நான்கு நாளில் மூன்று கிலோ கொழுப்பு எந்த உடம்பிலும் கரையாது. அந்த இடத்தில்தான் தண்ணீரின் மேல் கை வைக்கிறோம்.

உடம்பு மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தையும் உப்பையும் நிறுத்தினால் ஒன்றரைக் கிலோ போல எடை மளமளவென்று இறங்கும். எந்திரத்தைப் பார்க்கிறவருக்கு அது மந்திரம் போலத் தெரியும். இறங்கியது கொழுப்பு அன்று. ஆறு நிமிட ஆட்டத்துக்கு வேண்டிய எரிபொருளும் அதோடு ஒட்டியிருந்த நீரும்தான் வெளியே போயிருக்கின்றன. மூன்று நாள் தண்ணீரை நிறையக் குடித்துவிட்டுக் கடைசி நாளில் சட்டென்று நிறுத்துவது அடுத்த கட்டம். நிறையக் குடித்த பழக்கத்தில் சிறுநீரகம் இன்னும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும் என்பது அதன் கணக்கு. அதற்கும் மேல் மிஞ்சியது வியர்வை.

போட்டிக்கு முந்தைய இரவு நான் குளியலறைக் கதவை அடைத்து, தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீரை நிரப்பி அதில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் உள்ளே, பிறகு இரண்டு சட்டை, ஒரு மழைக்கோட்டு, மேலே கம்பளி என்று போர்த்திக்கொண்டு பத்து நிமிடம் வெளியே, மறுபடியும் உள்ளே. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு வியர்வை வருவது குறைந்தது. வாய்க்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்கும்போது எழுந்த சின்னச் சத்தம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் அப்போது நான் ஒருவன்தான். இந்த வாக்கியத்தைத் தம்பி இரண்டு முறை படிக்க வேண்டும். விழுந்திருந்தால் எடுத்து விடுவதற்கு ஆள் இல்லை.

காலையில் உடையோடு எடை பார்த்தால் 70.2. மிச்ச 200 கிராமுக்காக, போட்டி அரங்கின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, சூயிங்கத்தை மென்று மென்று ஒரு காகிதக் குவளையில் துப்பிக்கொண்டிருந்தேன். துப்புவதற்கும் எச்சில் ஊற வேண்டுமே, அது ஊறவில்லை. முந்தைய நாள் இரவு தொடங்கி ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. பேர் சொல்லி அழைத்தபோது எந்திரம் 69.9 காட்டியது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் உண்மையானது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இங்கேதான் நம் விளையாட்டின் விதியைக் கவனிக்க வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையிலும் குத்தும் உதையும் மல்லும் கலந்த கலப்புச் சண்டையிலும் பொதுவாக முந்தைய நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். இழந்த நீரை மீட்க ஓர் இரவும் ஒரு பகலும் கிடைக்கின்றன. ஜியு ஜிட்சுவில் அப்படி இல்லை. கூட்டமைப்பின் போட்டிகளில் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான், உடையோடு, ஒரே ஒரு முறை எடை பார்ப்பார்கள். கூடினால் வெளியேற வேண்டியதுதான். தேறினால் நேராக மேட்டுக்கு, அதாவது ஆடும் மெத்தை விரிப்புக்கு, போகவேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சக்கூடியது ஏறத்தாழ ஒரு லிட்டர். குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகவே போய்விடும் என்பதால், இழந்ததைப் போல ஒன்றரை மடங்கு குடித்தால்தான் ஈடாகும் என்பார்கள் விளையாட்டு மருத்துவர்கள். எனக்கு இடையில் கிடைத்தது பதினைந்து நிமிடம். அதற்குள் அரை லிட்டரை அவசரமாகக் குடித்தேன். அது வயிற்றில் குலுங்கிக்கொண்டு நின்றதே தவிர, இரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

முதல் ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே எதிராளியைக் கீழே தள்ளி இரண்டு புள்ளி எடுத்துவிட்டேன். நீல பெல்ட்டுக்கு ஆட்டம் ஆறு நிமிடம். மீதி ஐந்து நிமிடமும் நான் ஆடவில்லை, அவர் மேல் கிடந்தேன். இதயம் காதுக்குள் அடித்தது. 2-0 என்று என் கையைத் தூக்கியபோது அந்தக் கையை நடுவர்தான் தாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் மல்லாந்து, எதிராளியைக் கால்களால் தடுத்து நிறுத்தும் கார்டு நிலையில் இருந்து, வலது கையால் அவர் காலரையும் இடது கையால் அவர் சட்டைக் கையையும் பற்றினேன். எங்கள் கூடத்தில் எனக்கு ஏதேனும் பெயர் உண்டென்றால் அது இந்தப் பிடிக்குத்தான், உடும்புப்பிடி என்பார்கள். அவர் இடுப்பைப் பின்னால் இழுத்து ஒரு முறை உதறினார். என் விரல்கள் நான் சொல்லாமலே திறந்துகொண்டன. மறுபடி பற்றினேன், மறுபடி திறந்தன. முன்கை மரக்கட்டை போல இறுகிவிட்டது. மூட முயன்றால் பாதிதான் மூடும். கார்டைக் கடந்து மூன்று புள்ளி எடுத்தார், மார்பில் ஏறி நான்கு எடுத்தார், பிறகு இரண்டு கையும் என் காலருக்குள் போயின. நான்காவது நிமிடம் முடிவதற்குள் தட்டிவிட்டேன். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் என்னைவிட நன்றாக ஆடினார். எனக்குத் தெரிந்த ஆட்டத்தை ஒரு நிமிடம்கூட ஆடாமல் தோற்றேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து, அவரே வாங்கித் திறந்து கொடுத்தார். எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டேன். "நான் நடமாடுற எடையே இதுதாங்க. காலைல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார்.

உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு நீர் குறைந்தாலே உழைக்கும் திறன் குறையத் தொடங்குகிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருவது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய, அதே வேலைக்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. வியர்வை குறைய, சூடு வெளியேறுவது தடைபடுகிறது. நான் அந்த ஓர் இரவில் மட்டும் ஒன்றரைக் கிலோ வியர்த்திருந்தேன், அதுவே 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கீழ்ப்பிரிவில் என்னைவிடச் சிறியவர்கள் இருப்பார்கள் என்ற கணக்கில், நானும் என்னைவிடச் சிறியவனாகப் போய் நிற்பேன் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

இது தோல்வியோடு நிற்கிற விஷயமும் அன்று. 1997இன் இறுதியில், அமெரிக்காவில் ஆறு வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போது இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் நீராவிக் குளியலும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரம் ஆட்டத்துக்கு அருகில் கொண்டுவரப்பட்டது, உடலின் நீர்ச்சத்தைச் சோதித்து ஒருவருக்குரிய குறைந்தபட்ச எடையை முன்கூட்டியே தீர்மானிக்கும் முறை வந்தது. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது கலப்புச் சண்டை வீரர் இதே காரணத்தால் உயிரிழந்தார். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட், தங்கத்துக்கான ஆட்டத்தன்று காலை 100 கிராம் கூடியதால் தகுதியிழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இரவு முழுவதும் முயன்று, முடியைக்கூட வெட்டிப் பார்த்த பிறகும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. அவரைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள், அது அவருடைய தொழில், எதிரே ஒலிம்பிக் பதக்கம் இருந்தது. நமக்கு எதிரே இருப்பது, வேலைக்கும் படிப்புக்கும் நடுவே ஆசையாகக் கற்ற ஒரு கலையைச் சோதித்துப் பார்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எடை குறைப்பதை ஒழுக்கம் என்றும் மனவுறுதி என்றும் நம் கூடங்களில் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தாகத்தைத் தாங்குவதற்கு மனவுறுதி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே உறுதியை மூன்று மாதம் தவறாமல் பயிற்சிக்கு வருவதில் காட்டினால், அது மேட்டில் புள்ளியாகத் திரும்பி வரும். மேலும், 1993இல் எடைப்பிரிவே இல்லாத முதல் யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில், ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றதைப் பார்த்துத்தான் உலகின் பெரும்பகுதி இந்தக் கலையைத் தெரிந்துகொண்டது. பெரிய ஆளைச் சிறிய ஆள் சமாளிக்க முடியும் என்பதைக் கற்க வந்த நாம், நான்கு கிலோ கூடுதலான எதிராளியை நினைத்து ஏன் இவ்வளவு கலங்க வேண்டும்? எடை பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை, அது பொருட்டுதான். ஆனால் நம் நிலையில், அதைவிடப் பிடியும் மூச்சும் தெளிந்த தலையும் பெரிய பொருட்டு.

அடுத்த போட்டியில் 76 கிலோ பிரிவில் ஆடினேன். உடையோடு 75.4, காலையில் சாப்பிட்டிருந்தேன். முதல் ஆட்டத்திலேயே, எதிராளி கீழிருந்து என்னைப் புரட்டி மேலேறிய ஒரு ஸ்வீப்பில் 2-0 என்று தோற்றேன். ஆறு நிமிடமும் ஆடித் தோற்றேன்; எங்கே தவறினேன் என்று அன்றிரவே மாஸ்டரிடம் கால் அசைவோடு காட்ட முடிந்தது. முந்தைய தோல்வியில் மாஸ்டருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

தம்பிக்குப் பதினேழு வயது. வளர்கிற உடம்பு. சிறுநீர் மாத்திரை போட்டால் சீக்கிரம் இறங்கும் என்று அவனிடம் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது பேசும்போது தெரிந்தது. அந்த மருந்துகள் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன என்பதையும், அவை நீரோடு உப்பையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போவதால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பதையும் சொன்னேன். பயிற்சி தரும் மாஸ்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அன்றே மாணவரை உடையோடு எடை எந்திரத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். எந்தப் பிரிவு என்பதை அந்த எண்ணைப் பார்த்து நீங்களே எழுதுங்கள்; பதினேழு வயதுப் பையனின் ஆசையிடம் அந்த முடிவை விட்டுவிடாதீர்கள்.

நேற்று மாலை அவனைக் கூடத்தில் பார்த்தேன். பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது அவன் மட்டும் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பாட்டிலை அவன் கையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பாதி குடித்தான். "யோசிச்சுச் சொல்றேன்ணா" என்றான். பிரிவை மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது.