ஓடாத வண்டி

"பதிமூணு வருஷத்துல வெறும் 41,000 கிலோமீட்டர்தான் தம்பி. ஓடவே இல்ல, ஷெட்டுக்குள்ளயே நின்ன வண்டி."

புரோக்கர் அண்ணன் இப்படிச் சொன்னதும் எனக்குக் கை பரபரத்தது உண்மை. 2012 மாடல் ஸ்கார்ப்பியோ, எம்ஹாக் டர்போ டீசல் இன்ஜின், டி.என். 65 (ராமநாதபுரம்) நம்பர், ஒரே ஓனர். கீழக்கரைப் பக்கம், கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. ஓனர் துபாயில் பிழைக்கும் சபராளி. வருஷத்துக்கு ஒரு மாசம் வருவார், குடும்பத்தோடு சுற்றுவார், கிளம்பும்போது கவர் போட்டு மூடிவிட்டுப் போவார். கேட்ட விலை நாலே முக்கால் லட்சம்.

பழைய வண்டி என்றால் நாம் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். நானும் அந்த ஆள்தான். இப்போது சொல்கிறேன், நம்ம கடற்கரையில் ஓடாமல் நின்ற வண்டியைவிட ஓடித் தேய்ந்த வண்டி எவ்வளவோ மேல். சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாங்க.

உனக்கெதுக்கு இவ்வளவு பெரிய வண்டி என்று வீட்டில் கேட்டார்கள். மாதாமாதம் அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். தாழ்வான காரில் ஏறி இறங்க அவர் முட்டி விடாது. அதுபோக, பரமக்குடி வரைதான் நாலுவழி. அதற்கு இங்கிட்டு ரெண்டு வழிச் சாலையில் சத்திரக்குடிப் பக்கம் ஒரு உப்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தெரியும், டர்போ எதற்கென்று. (ஆசையும் ஒரு காரணம்தான். அதை மறைப்பானேன்.)

"டர்போவா? போச்சுன்னா கையக் கடிக்கும்" என்று பயமுறுத்தியவர்கள் நிறைய. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது. அவ்வளவுதான் டர்போ. ஆனால் அந்தத் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். நேரத்துக்கு நல்ல ஆயில் மாற்றி, தூரம் ஓட்டி வந்ததும் சாவியைத் திருகாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டால் அது பாட்டுக்கு உழைக்கும். சூட்டோடு அணைத்தால் நின்றுபோன ஆயில் கருகிப் பேரிங்கில் அப்பிக்கொள்ளும்.

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடு. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க" என்றார் காதோரம். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வழியில்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். பெரிதாகப் புகை தள்ளவில்லை, இன்ஜின் நல்ல இன்ஜின். ஏர்வாடி ரோட்டில் மூணாவது கியரில் வைத்து மிதித்தார். 2,000 சுற்றைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது மாதிரி இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. இந்த மாதிரி டர்போவுக்குள் புகை போகும் வாயைத் திறந்து மூடும் சின்னச் சின்ன இதழ்கள் உண்டு. மாசக்கணக்கில் அசையாமல் நின்றால் கரியும் துருவும் சேர்ந்து அவை இறுகிவிடுமாம். டயரில் பட்டன் புதுசு மாதிரி இருந்தது. ஓரத்தில் இருந்த எண் 2314. அதாவது 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் கட்டையாகக் கிடந்தது.

இதெல்லாம் காசு கொடுத்தால் சரியாகும். டர்போவைக் கழற்றிச் சுத்தம் பண்ணலாம், டயரை மாற்றலாம். 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் 5,000 ரூபாய்க் கட்டணமும் பெரிய விஷயமில்லை.

அப்புறம் அண்ணன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் பொத்தென்றது. இன்னொரு தட்டு. முறம் ஓரத்தில் ஒட்டிய உமி மாதிரி துரு உதிர்ந்தது.

சேஸிஸ் உள்ளே கூடான இரும்பு. ஆடி மாசக் கச்சான் காற்று அடிக்கும்போது உப்பும் மணலும் ஓட்டை வழியே புகுந்துகொள்ளும். ஓடுகிற வண்டிக்கு மேட்டுப்பக்க மழையில் நனைந்து உப்பைக் கழுவவாவது கொடுத்துவைக்கும், வெயில்காற்றில் காயும். நிற்கிற வண்டி கவருக்குள் ஈரத்தோடு புழுங்கும். போதாக்குறைக்கு, டீ போடக்கூட ஆகாத போர் தண்ணீரைப் பிடித்து வாராவாரம் கழுவியிருக்கிறார்கள். பாசத்தோடு செய்த வேலைதான், என்ன சொல்ல. 1914-ல் போட்ட பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தத் துணிக் கவர் எம்மாத்திரம்? வண்டியையோ செய்த கம்பெனியையோ நான் குறை சொல்லவில்லை. நின்ற இடம் அப்படி.

சேஸிஸில் பற்றுவைத்து ஓட்டலாம் என்றார் புரோக்கர். அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு போகிற வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது தேனியில் ஒரு வண்டி பேசி வைத்திருக்கிறேன். அதே இன்ஜின், 1,60,000 கிலோமீட்டர், சர்வீஸ் பில் எல்லாம் கட்டாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு போகிறேன், ஸ்க்ரூடிரைவரோடு. நாங்க வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கீழக்கரை புரோக்கர் அண்ணன் இன்னும் விடவில்லை. நேற்று வாட்ஸப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். விலையில் நாற்பதாயிரம் குறைந்திருந்தது. அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்பு பெயின்ட்.